டீ-அடிக்ஷன் சென்டர் படிவத்தில் தமிழ் ஆட்களுக்கு மட்டும் 60-க்கு 60 வருவது எப்படி?

வாளையார்வாசி | திங்கள், இரவு 9.40

வணக்கம். பாலக்காட்டு எல்லைப் பக்கம் ஒரு குடிமீட்பு மையத்தில் கவுன்சிலராக இருக்கிறேன். மையத்தின் பெயர் வேண்டாம். வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் ஆட்கள். பாதிப் பேர் மலையாளம். அட்டப்பாடியிலிருந்தும் சிலர் வருவார்கள்.

கொஞ்ச நாளாக ஒரு படிவம் நிரப்பி வாங்குகிறோம். கவுன்சிலருக்கும் சிகிச்சைக்கு வந்தவருக்கும் உறவு எப்படி இருக்கிறது என்று அளக்க 12 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க், மொத்தம் 60. முதலில் மலையாளத்தில்தான் வந்தது. அதைப் பார்த்துத் தமிழில் எழுதிக்கொண்டோம். எழுதியதில் என் கையும் உண்டு.

தமிழ்ப் படிவத்தை எடுத்தால் மேலிருந்து கீழ்வரை 5, 5, 5 என்று ஒரே தூண். மலையாளப் படிவத்தில் 3 இருக்கும், 4 இருக்கும், சில சமயம் ஒரு 2 கூட எட்டிப் பார்க்கும். மாத மீட்டிங்கில் 'தமிழ் ஆட்களிடம் உங்கள் ரேப்போ (ஒட்டுறவு) பிரமாதம், மலையாளிகளிடம் இன்னும் கொஞ்சம் கவனியுங்கள்' என்றார்கள். ஆனால் பாதியிலேயே வராமல் நின்றுபோகிறவர்களில் தமிழ் ஆட்கள்தான் அதிகம். எனக்கு 60-க்கு 60 போட்டவர் அடுத்த வாரம் போனையே எடுப்பதில்லை.

இது என்ன கணக்கு? யாராவது விளக்குங்களேன்.


சும்மாகேட்டேன் | திங்கள், இரவு 10.05

படிவத்தை யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள்?


வாளையார்வாசி | திங்கள், இரவு 10.11

நான்தான். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே வாசித்துக் காட்டி டிக் போடுவேன்.


சும்மாகேட்டேன் | திங்கள், இரவு 10.13

அப்புறம் என்ன சார். சாப்பாடு போட்டவரே பக்கத்தில் நின்று 'சாம்பார் எப்படி' என்று கேட்டால் யார் உப்பு கம்மி என்பார்கள்?


தராசுமுள் | செவ்வாய், காலை 6.30

கோவையில் புள்ளியியல் பாடம் எடுக்கிறேன். மேலே நண்பர் சொன்னது சரி, ஆனால் அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. மலையாள ஆட்களிடமும் இவர்தானே வாங்குகிறார்.

முதலில் எதை அளக்கிறோம் என்று பார்ப்போம். 1979-இல் எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த உறவை மூன்றாகப் பிரித்தார். எங்கே போய்ச் சேரப் போகிறோம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து இருக்கிறதா, போவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒரே கருத்து இருக்கிறதா, மூன்றாவதாக இருவருக்கும் நடுவே ஒரு பிடிப்பு இருக்கிறதா. 1989-இல் ஹார்வத், கிரீன்பெர்க் என்ற இருவர் இதை 36 கேள்விகள் கொண்ட படிவமாக்கினார்கள். அதை 12 கேள்வியாகச் சுருக்கிய பதிப்புகள் பின்னால் வந்தன. லுபோர்ஸ்கி என்ற இன்னொரு ஆய்வாளரின் குழு தயாரித்த 19 கேள்விப் படிவமும் உண்டு. இதற்கெல்லாம் ஏன் மெனக்கெட்டார்கள் என்றால், உறவு நன்றாக இருக்கும் இடத்தில் சிகிச்சையும் ஓரளவு நன்றாக அமைகிறது. 2018-இல் ஃப்ளூக்கிகர் என்ற ஆய்வாளரின் குழு 295 ஆய்வுகளை, 30,000-க்கு மேற்பட்ட நோயாளிகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்ததில் தொடர்பு 0.28 அளவுக்கு வந்தது (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). மலை போன்ற எண் இல்லை. ஆனால் எந்த முறைச் சிகிச்சையிலும் விடாமல் தலைகாட்டுகிற எண்.

இனி உங்கள் சிக்கல். வேலந்தாவளம் சந்தையில் இரண்டு தராசு இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று, தட்டில் எதுவும் வைக்காதபோதே 200 கிராம் காட்டுகிறது. அதில் நிறுத்த தக்காளிதான் கனம் என்று சொன்னால் சிரிப்பார்கள். இன்னொரு வகைக் கோளாறு: ஒரு கிலோ வைத்தால் முள் முக்கால் கிலோவுக்குத்தான் நகரும். மூன்றாவதுதான் மோசம்: ஒரு தராசு எடையைக் காட்டுகிறது, இன்னொன்று தட்டில் வைத்தவரின் பணிவைக் காட்டுகிறது. இரண்டு கூட்டத்தாரின் சராசரியை ஒப்பிடும் முன்னால் இந்த மூன்றும் இல்லை என்று காட்டியாக வேண்டும். காட்டாமல் 'தமிழருக்கு 60, மலையாளிக்கு 45' என்று ஸ்லைடு போடுவது வெட்டி வேலை.

நான்காவதாக ஒன்று. எல்லோரும் 5 போட்டால் முள் மேல்கட்டையில் முட்டி நின்றுவிட்டது என்று பொருள். தட்டில் இருப்பது 5 கிலோவா 50 கிலோவா என்பது அப்புறம் யாருக்கும் தெரியாது.

படிவத்தில் உள்ள கேள்விகளை இங்கே போட முடியுமா? எல்லாம் வேண்டாம், நாலைந்து போதும்.


வாளையார்வாசி | செவ்வாய், இரவு 9.15

கவுன்சிலரின் மீது எனக்கு விசுவாசம் உண்டு.
நானும் கவுன்சிலரும் ஒரே லட்சியத்தை நோக்கிச் செல்கிறோம்.
கவுன்சிலரிடம் எனது விஷமங்களைத் திறந்து கூற முடிகிறது.
கவுன்சிலருக்குப் பிடிக்காததை நான் செய்தாலும் அவர் என் மீது அக்கறை காட்டுவார்.


வார்டு_அக்கா | செவ்வாய், இரவு 9.31

தம்பி, முதல் கேள்வியிலேயே சோலி முடிந்தது!

நான் பாலக்காட்டில் 19 வருடம் நர்ஸ். வீட்டில் தமிழ், வார்டில் மலையாளம். மலையாளத்தில் விஸ்வாசம் என்றால் நம்பிக்கை. 'டாக்டரெ விஸ்வாசமுண்டோ' என்றால் டாக்டரை நம்புகிறாயா என்று அர்த்தம். தமிழில் விசுவாசம் என்றால்? நாய் காட்டுவது. பண்ணையாளிடம் முதலாளி எதிர்பார்ப்பது. சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு அர்த்தமும் இருக்கிறது, அதை விடுங்கள். தோட்டக்கூலிக்குப் போகிற ஒருவரிடம் 'என் மேல் விசுவாசம் இருக்கிறதா' என்று நீங்களே முகத்துக்கு நேரே கேட்டால் அவர் 5 போடாமல் 3-ஆ போடுவார்? 3 என்றால் துரோகம் இல்லையா?

மூன்றாவது கேள்வி அதைவிட ஜோர். மலையாளத்தில் விஷமம் என்றால் மனக்கஷ்டம். தமிழில் விஷமம் பண்ணுவது குழந்தையும் குரங்கும். 'எனது விஷமங்களைத் திறந்து கூற முடிகிறது' என்று படித்தவர் என்ன நினைத்திருப்பார்? என் சேட்டையையெல்லாம் ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றுதான்.

என் சொந்த அனுபவம் ஒன்று. புதிதாக வேலைக்கு வந்த மலையாளி டாக்டர் ஒருவர், எங்கள் பக்கத்து ஆளிடம் 'கொறச்சு சம்சாரிக்கணும்' என்றார். கொஞ்சம் பேச வேண்டும் என்று. அந்த ஆள் வெளியே போய்த் தன் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார்.


நாலுவருசம் | செவ்வாய், இரவு 11.02

பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் என் ஊர். அப்பா செத்துத் தொழிலாளி, அதாவது கள் இறக்குகிறவர். நான் குடியை விட்டு நாலு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் இரண்டு சென்டரில் இருந்திருக்கிறேன், இதே மாதிரி படிவம் நானும் நிரப்பியிருக்கிறேன். முழு மார்க். ஏன் போட்டேன் என்று சொல்கிறேன்.

முதல் காரணம், அந்தக் கவுன்சிலர் பையன் பாவம். சின்ன வயசு, டெம்பரவரி வேலை. நான் குறைத்துப் போட்டு அவன் வேலைக்கு வேட்டு வைக்கக் கூடாது என்று நினைத்தேன். இரண்டாவது, படிவத்தின் மேல் மூலையில் என் பெயரும் ஃபைல் நம்பரும் எழுதியிருந்தது. என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மச்சான். வீட்டுக்கு விடுவதா வேண்டாமா என்று முடிவு பண்ணப் போவது அந்த ஃபைல். அதில் போய் நான் எதற்கு 2 போட வேண்டும்?

இன்னொன்று. 'ஒரே லட்சியம்' என்ற கேள்வி. அதற்கும் 5 போட்டேன், மனசாரத்தான் போட்டேன். கவுன்சிலர் 'வெள்ளமடி நிர்த்தணும்' என்றார், நான் 'தண்ணி அடிக்கிறதை விட்டுடறேன் சார்' என்றேன். அங்கே வெள்ளம், இங்கே தண்ணி, இரண்டும் ஒன்றுதான், ரொம்பப் பொருத்தம். ஆனால் எனக்குத் தண்ணி என்றால் பிராந்தி. கள் அதில் சேராது. கள் எங்கள் வீட்டில் மோர் மாதிரி. மரத்திலிருந்து இறக்கினால் அப்பா முதலில் ஒரு வாய் பார்ப்பார், அப்புறம் எனக்கு. அவருக்கு வெள்ளமடி என்றால் கள்ளும் சேர்த்து. இப்படி மூன்று மாதம் இரண்டு பேரும் 'ஒரே லட்சியத்தை நோக்கி' போய்க்கொண்டிருந்தோம். நான் தினம் சாயங்காலம் கள்ளுஷாப்பில் ஒரு குப்பி குடித்துக்கொண்டு.

பொய் சொல்லவில்லை. சத்தியமாக.


தராசுமுள் | புதன், காலை 6.10

நாலுவருசம் அண்ணா, வகுப்பில் இதைச் சொல்லப் போகிறேன், அனுமதி கொடுங்கள். போர்டின் பிரித்த மூன்றில் முதலாவது இதுதான். படிவத்தில் ஒற்றுமை 5-க்கு 5, உள்ளே இரண்டு வேறு லட்சியம். இதை எந்தக் கணிப்பொறியும் சுலபத்தில் கண்டுபிடிக்காது.

இது ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. அங்கிருந்து வருகிற ஆளுக்குக் கள் என்பது சட்டவிரோதச் சரக்கு. கேரளாவில் 1996-இல் சாராயத்தைத்தான் தடை செய்தார்கள், கள்ளுஷாப் லைசென்ஸோடு நடக்கிறது. வாளையார் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 'குடி' என்ற சொல்லின் எல்லையே வேறு.


டெட்ராய்ட்_பாலக்காட்டான் | புதன், காலை 7.48

அமெரிக்காவில் சோஷியல் ஒர்க்கராக இருக்கிறேன், சொந்த ஊர் ஒலவக்கோடு. இங்கே இதே கேள்வியை இனம் வைத்துக் கேட்கிறார்கள்: போதைச் சிகிச்சையில் கறுப்பினத்தவர், வெள்ளையர், ஹிஸ்பானியர் எல்லோருக்கும் ஒரே படிவத்தைக் கொடுத்தால் அது ஒரே பொருளை அளக்கிறதா என்று.

ஏன் கேட்க வேண்டியிருக்கிறது? டஸ்கிகீ என்று கூகுள் செய்து பாருங்கள். 1932 முதல் 1972 வரை அலபாமாவில் அரசு சுகாதாரத் துறையே, சிஃபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், பென்சிலின் வந்த பிறகும் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று உட்கார்ந்து பார்த்தது. போதைப் பொருளில் இன்னொரு கதை. 1986 சட்டத்தில் கிராக் கொக்கெய்ன் 5 கிராமுக்கு என்ன குறைந்தபட்சத் தண்டனையோ அதே தண்டனை தூள் கொக்கெய்னுக்கு 500 கிராமில்தான். கிராக் வழக்கில் மாட்டியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010-இல்தான் 100-க்கு 1 என்பதை 18-க்கு 1 ஆகக் குறைத்தார்கள். சிகிச்சைக்கு வருகிற பலரை அனுப்பிவைப்பது கோர்ட். அப்படி வந்தவரிடம் 'உங்கள் கவுன்சிலரிடம் மனம் திறந்து பேசுகிறீர்களா' என்று கேட்டால், குறைந்த மார்க் வருவது உறவு கெட்டதால் என்று எப்படிச் சொல்வது? மனம் திறந்தால் ஜெயில் என்பது அவர் வீட்டுப் பாடம். அதே பயத்தில் இன்னொருவர் முழு மார்க்கும் போடலாம்.

இன்னொரு தகவல். 2013-இல் ஃப்ளூக்கிகர் குழு வேறொரு தொகுப்பாய்வு செய்தது. போதை நோயாளிகளும் சிறுபான்மை இனத்தவரும் அதிகம் இருந்த ஆய்வுகளில், உறவு மார்க்குக்கும் சிகிச்சை பலனுக்கும் உள்ள தொடர்பு மெலிந்து காணப்பட்டது. உறவு அவர்களுக்கு முக்கியமில்லை என்று இதைப் படித்தவர்களும் உண்டு. அளவுகோல் அவர்களிடம் சரியாக ஒட்டவில்லை என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது கட்சி.


சும்மாகேட்டேன் | புதன், காலை 9.20

தமிழன் மலையாளி என்பது இனமா சார்? பக்கத்து வீடு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். அமெரிக்காக் கதையை இங்கே கொண்டுவந்து ஒட்டுவது கொஞ்சம் ஓவர்.


டெட்ராய்ட்_பாலக்காட்டான் | புதன், காலை 9.55

ஒட்டவில்லை. அந்த வரலாறு அங்கேயே இருக்கட்டும். கணக்கு ஒன்று என்றுதான் சொன்னேன்.


நாலுவருசம் | புதன், இரவு 10.40

பக்கத்து வீடுதான், யார் இல்லை என்றது. ஆனால் சென்டரில் என்னை முதல் நாள் கேட்டது பெயர், அடுத்தது 'வீடு எவிடெயா', அதற்கடுத்து எந்தக் காலனி. மூன்றாவது கேள்வியில் என் ஜாதி அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வந்த டீ கிளாஸ் வேறா இல்லையா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு இல்லை, நல்ல மனுஷன். ஆனால் நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதை அளக்க உங்கள் 12 கேள்வியில் ஒன்று உண்டா?


மல்லீஸ்வரன்_அடிவாரம் | வியாழன், காலை 8.15

அட்டப்பாடி என்று முதல் பதிவில் ஒரு வரி பார்த்தேன். அப்புறம் யாருமே அதைத் தொடவில்லை, எப்போதும் போல.

இங்கே இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடிகள். இருள மொழி தமிழுக்குச் சொந்தக்கார மொழிதான், ஆனால் தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உங்கள் மையத்துக்கு வந்தால் எந்தப் படிவம் கொடுக்கிறீர்கள்? எனக்குத் தெரிந்து எல்லா இடத்திலும் நடப்பது ஒன்றுதான்: வந்தவர் பேச்சு கவுன்சிலருக்கு எந்த மொழி மாதிரி கேட்கிறதோ அந்தப் படிவம். அப்புறம் உங்கள் 'தமிழர்' சராசரியில் எங்கள் ஆளும் உட்கார்ந்திருப்பார்.


வாளையார்வாசி | வியாழன், மதியம் 1.30

உண்மை. தமிழ்ப் படிவம்தான் கொடுத்தேன். இப்போதைக்கு அந்தத் தாள்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அவர்களிடம் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. ஊரிலிருந்து ஒருவரை வைத்துக்கொண்டு வாயாலேயே கேட்கலாம் என்று எண்ணம். உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

தராசுமுள் சார், புள்ளியியலில் இதைச் சரிபார்க்க எத்தனை படிவம் வேண்டும்?


தராசுமுள் | வியாழன், இரவு 8.50

ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு 200 பேராவது இருந்தால் நல்லது. முதலில் கேள்விகள் இரு பக்கமும் ஒரே மாதிரி கூட்டம் சேர்கின்றனவா, அடுத்து ஒவ்வொரு கேள்வியும் ஒரே அளவு நகர்கிறதா, கடைசியாகத் தொடக்கப் புள்ளி ஒன்றா என்று படிப்படியாகக் கட்டுப்பாட்டை இறுக்கிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு இறுக்கத்திலும் பொருத்தம் எவ்வளவு கெடுகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பொருத்தத்தைக் காட்டும் சி.எஃப்.ஐ. என்ற எண் 0.01-க்கு மேல் இறங்கினால் அந்தப் படியில் நின்றுவிட வேண்டும் என்பது 2002 முதல் பலரும் பின்பற்றும் வழக்கம்.

ஆனால் உங்களுக்கு இப்போது அதெல்லாம் வேண்டாம். எல்லோரும் 5 போட்ட தாளில் கணக்குப் போட எதுவும் இல்லை. ஐந்தாறு பேரை உட்கார வைத்து, 'இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். மார்க் கேட்காதீர்கள். நீங்கள் கேட்காதீர்கள், வேறு யாராவது கேட்கட்டும். தாளில் பெயர் வேண்டாம்.

இன்னொரு கோரிக்கை. 12 கேள்வியும் 'ஆமாம்' திசையிலேயே இருக்கிறது போல. ஒன்றிரண்டை 'இல்லை' திசைக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் 5 விழுந்தால் கேள்வியைப் படிக்காமலே போடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.


வார்டு_அக்கா | வியாழன், இரவு 9.25

கவுன்சிலருக்குப் பெரிய படிப்பு இருந்தால்தான் உறவு வரும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்துக் குடிக்கு கவுன்சிலிங் செய்ய வைத்தார்கள். 2017-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. கலந்துகொண்டவர்கள் 377 ஆண்கள். மூன்று மாதத்தில், கவுன்சிலிங் பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 26. அந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவர் உட்கார்ந்து பேசினால் விஷமம் எது, விசுவாசம் எது என்ற குழப்பமாவது வராது.

வராமல் நின்றுபோகிறவர்கள் விஷயத்தையும் பாருங்கள் தம்பி. உங்கள் கவுன்சிலிங் எத்தனை மணிக்கு?


வாளையார்வாசி | வியாழன், இரவு 9.33

பதினொன்றிலிருந்து ஒன்று வரை.


நாலுவருசம் | வியாழன், இரவு 9.41

ஒரு நாள் கூலி போச்சு. அதுக்கு மேல பஸ்ஸு. உறவாம் உறவு.


வாளையார்வாசி | அடுத்த புதன், இரவு 10.20

ஐந்து பேரிடம் கேட்டுப் பார்த்தாயிற்று. நான் கேட்கவில்லை. மையத்தில் சமையல் செய்கிற அக்காவுக்குத் தமிழ் நன்றாக வரும், அவர் வாசித்தார், நான் அந்த அறையிலேயே இல்லை. அவர்கள் சொன்னதை அக்கா வந்து ஒப்பித்ததை அப்படியே எழுதுகிறேன்.

விசுவாசம்: ஐவரில் நால்வர் 'நன்றி மறக்காம இருக்கிறது' என்றார்கள். ஒருவர் 'சார் சொன்னபடி கேக்கறது'. நம்பிக்கை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அக்காவாகவே 'சாரை நம்பி ஒரு ரகசியம் சொல்லுவியா' என்று மாற்றிக் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் யோசித்திருக்கிறார்கள். ஒருவர் 'அதெப்படிக்கா, என் பொண்டாட்டிகிட்ட போன்ல பேசறாரே' என்றாராம். நான் பேசுவது உண்மைதான். வீட்டாருக்கு நிலவரம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என்ன சொல்வேன், என்ன சொல்ல மாட்டேன் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசிக் கேள்வி, 'கவுன்சிலருக்குப் பிடிக்காததை நான் செய்தாலும் அவர் என் மீது அக்கறை காட்டுவார்.' அதற்குப் பழைய தாளில் 5 போட்டிருந்த ஒருவர் அக்காவைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்: 'பிடிக்காததுன்னா என்ன, குடிச்சிட்டு வர்றதா? குடிச்சிட்டு வந்தா உள்ள விடமாட்டோம்னு கேட்டுல போர்டு இருக்கே.'


சும்மாகேட்டேன் | அடுத்த புதன், இரவு 10.26

இருக்கா?


வாளையார்வாசி | அடுத்த புதன், இரவு 10.31

இருக்கிறது. மலையாளத்திலும் தமிழிலும். தமிழில் எழுதிக் கொடுத்தது நான்தான்.


நாலுவருசம் | அடுத்த புதன், இரவு 10.58

அந்த போர்டில் எழுத்துப்பிழை இருக்காதே? படிவத்தில்தான் வரும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் மையம் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். கூலிக்குப் போகிற நம்ம ஆட்கள் ரெண்டு பேரை நான் கூட்டிவருகிறேன். ஒருத்தன் கள் மட்டும்தான் குடிக்கிறான், அவன் கணக்கில் அவன் குடிக்கவே இல்லை.